பம்பு ஹவுஸிலிருந்து வரும் எண்

மேலே பம்பு ஹவுஸில் பெய்கிற மழை, கீழே குழந்தைகள் காப்பகத்துக்கு ஓர் எண்ணாக வந்து சேரும். நாலு, ஏழு, பன்னிரண்டு என்று கம்ப்யூட்டர் திரையின் மூலையில் அது ஏறும். நாற்பதைத் தொட்டால், மூக்கம்மாள் கம்பியை எடுத்துக்கொண்டு வாசலில் தொங்கும் தண்டவாளத் துண்டை அடிப்பாள். அந்தச் சத்தம் ஓடையைத் தாண்டி, மேட்டையும் தாண்டி, ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருக்கும் தாய்மாருக்குக் கேட்கும். ஓடை பொங்கி, குறுக்கே போட்ட பலகைப் பாலத்தை மூடுவதற்குள் அவர்கள் இக்கரைக்கு வந்துவிடுவார்கள்.

பீர்மேட்டிலிருந்து ஜீப்பில் ஒரு மணி நேரம் உள்ளே போக வேண்டிய அந்த எஸ்டேட்டில், மழை ஒரே மாதிரி பெய்வதில்லை. காப்பகத்து முற்றத்தில் வெறும் மஞ்சு, மலை மூடுபனி, மிதந்துகொண்டிருக்கும். துணி கூடச் சரியாக நனையாது. அதே நேரத்தில் மேல் சரிவில் வானம் உடைந்து கொட்டும். அந்தத் தண்ணீர் முக்கால் மணி நேரம் கழித்து ஓடையில் வந்து இறங்கும். ஏழாம் காட்டிலிருந்து ஓடை கண்ணுக்குத் தெரியாது, நடுவில் மேடு. வேலை முடிந்து வந்து பார்த்தால் பலகை இருந்த இடத்தில் செந்தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். அக்கரையில் தாய், இக்கரையில் பால் குடிக்கிற பிள்ளை.

அந்த எண்ணை வரவைத்தவள் இன்பமேரி. வயது முப்பத்தொன்று. காப்பகத்தில் உதவியாளர். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில் பிறந்து, அடிவாரத்துத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வரை படித்தவள். அந்தப் பள்ளியில் கம்ப்யூட்டர் வகுப்பில் இருந்ததெல்லாம் யாரும் காசு கொடுக்காமல் எடுத்துப் போட்டுக்கொள்ளக்கூடிய, திறந்து பார்க்கக்கூடிய சிஸ்டம்தான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மற்ற பிள்ளைகள் வெளியே ஓட, இன்பமேரி மட்டும் கறுப்புத் திரையில் கட்டளைகளைத் தட்டித் தட்டிப் பார்ப்பாள். திரை பதில் சொல்லும். தப்பென்றால் தப்பு என்று சொல்லும். ஏன் தப்பு என்றும் பல சமயம் சொல்லும். கோபித்துக்கொள்ளாமல் தப்பைச் சொல்லுகிற ஒன்றை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை.

பிற்பாடு எஸ்டேட் ஆபீஸில் பழைய கம்ப்யூட்டர்களைக் கழித்துப் போட்டபோது இரண்டைக் கேட்டு வாங்கினாள். ஆபீஸுக்கும் எடைக்கூடத்துக்கும் நடுவில் கிடந்த பழைய கேபிளையும் சுருட்டிக்கொண்டு வந்தாள். டிவி கேபிள் மாதிரி உருண்டையாக, கறுப்பு ரப்பர் போர்த்தியது; நூற்றெழுபது மீட்டர். இப்போது கடையில் கிடைக்கிற கேபிள் நூறு மீட்டருக்கு மேல் பேசாது. பம்பு ஹவுஸுக்கும் காப்பகத்துக்கும் நடுவே நூற்றைம்பது மீட்டர் செங்குத்துச் சரிவு. இந்தப் பழைய கேபிளால்தான் அதைத் தாண்ட முடிந்தது. அதைச் சொருகுவதற்கு வட்டமான வாய் உள்ள பழைய நெட்வொர்க் அட்டை வேண்டும். இரண்டு கம்ப்யூட்டரிலும் அது இருந்தது. மழை அளக்கிற கருவி, ஏதோ ஒரு கல்லூரிக்காரர்கள் பம்பு ஹவுஸ் கூரையில் வைத்துவிட்டு மறந்து போனது. இரண்டு மழைக்காலம் முழுக்க எண்ணையும் ஓடையையும் பக்கத்தில் பக்கத்தில் நோட்டில் எழுதிப் பார்த்துத்தான், ஒரு மணி நேரத்தில் நாற்பது மில்லிமீட்டர் என்ற கோட்டை அவள் கிழித்தாள்.

இந்த ஜூன் மாதம் இரண்டாம் வாரத்தில் காப்பகத்துக் கம்ப்யூட்டரின் டிஸ்க் போயிற்று. பழைய சிஸ்டம் இருந்த சிடியில் பூஞ்சை படர்ந்து ஒரு சின்ன வரைபடமே வரைந்திருந்தது. மேலே இருந்த கம்ப்யூட்டரைத் தொட அவளுக்குத் துணிவில்லை. ஆறு வருஷமாக அணையாமல் ஓடுகிறது, அணைத்தால் மறுபடி எழும் என்று யார் சொல்ல முடியும்? வேறு டிஸ்க் மாட்டி, புதிய சிஸ்டம் ஏற்றினாள். எல்லாம் வந்தது. எண் மட்டும் வரவில்லை.

"ஏட்டி மேரி, பெட்டி செத்துப்போச்சா?" என்றாள் மூக்கம்மாள். காப்பகத்து ஆயா, ஐம்பத்தெட்டு வயது, இரண்டு முழங்காலிலும் வலி, வாய்க்கு மட்டும் வலி கிடையாது.

"சாகல பெரியம்மா. பேச மாட்டேங்குது."

"அப்ப என் மருமக மாதிரின்னு சொல்லு."

இரண்டாம் நாளே அது நடந்தது. வியாழக்கிழமை, மணி அடிக்காமலே ஓடை பொங்கியது. யோகப்பிரியா அக்கரையில் நாலு மணி நேரம் நின்றாள். அவளுடைய ஏழு மாதப் பிள்ளை ஜீவிதா பாட்டிலை வாயில் வைத்தாலே துப்பும். அழுது அழுது தொண்டை கட்டி, கடைசியில் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடியது. தண்ணீர் வடிந்து யோகப்பிரியா ஓடி வந்தபோது அவள் ரவிக்கை முழுக்கப் பால் நனைந்திருந்தது.

அவள் சண்டை போடவில்லை. பிள்ளையை மார்போடு அணைத்துக்கொண்டு, "மேரிக்கா, ஒங்க மணிய நம்பித்தான் நான் அக்கரைக்குப் போறேன். அது இல்லன்னா இல்லன்னு சொல்லிருங்க. நான் வேலைய விட்டுட்டு ஊட்ல இருந்துக்குறேன்" என்றாள்.

அன்று சாயங்காலம் இன்பமேரி நெட்வொர்க் அட்டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். பிறகு, அந்த மலையில் யாராக இருந்தாலும் எதைச் செய்வார்களோ அதைச் செய்தாள்.

மழைக்காலத்தில் அங்கே கெட்டுப்போகிற எல்லாவற்றுக்கும் ஒரே காரணம்தான், ஓதம் என்கிற ஈரக்கசிவு. ரேடியோ கெட்டால் ஓதம். கடிகாரம் நின்றால் ஓதம். வைத்தியமும் ஒன்றே. ஃபாக்டரியின் மேல்மாடியில் கொழுந்தை வாட்டுவதற்கு நீளநீளமான தொட்டிகள். அடியிலிருந்து இளஞ்சூடான காற்று ஊதிக்கொண்டே இருக்கும். அங்கே ஓர் ஓரத்தில் லயத்துக்காரர்களின் சாமான்கள் காயும்: பள்ளிக்கூடச் சட்டை, கம்பளி, ஞானஸ்நானச் சான்றிதழ், சாமி படம். இன்பமேரியின் அட்டையும் ஒரு வாழையிலைத் துண்டின் மேல் அங்கே போய்ப் படுத்தது.

நாலு நாள் வாட்டினாள்.

"இன்னும் ரெண்டு நாள் விட்டேன்னா அரைச்சுத் தூளாக்கி மூட்டை கட்டிருவானுங்க, பாத்துக்க" என்றாள் மூக்கம்மாள்.

ஐந்தாம் நாள் அட்டை பச்சிலை வாசனையோடு திரும்பி வந்தது. மாட்டினாள். அதே மௌனம். அப்போதுதான் அவளுக்குச் சுரீரென்றது. இவ்வளவு காலம் எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, அளந்து, ஒப்பிட்டுப் பார்த்தவள், இதை மட்டும் கம்ப்யூட்டரிடமே கேட்கவில்லை. ஒன்பதாம் வகுப்பில் கற்ற கட்டளை ஒன்று உண்டு. உள்ளே என்னென்ன மாட்டியிருக்கிறது என்று அது வரிசையாகச் சொல்லும். தட்டினாள். மூன்றாவது வரியில் அட்டை இருந்தது. நாலு எழுத்து, இரண்டு புள்ளி, மறுபடி நாலு எழுத்து. உலகத்தில் அந்த வகை அட்டைக்கு மட்டுமே உரிய எண். மற்ற ஒவ்வொரு வரிக்குக் கீழும் அதை ஓட்டுகிற டிரைவர் என்ற மென்பொருளின் பெயர் இருந்தது. இதற்குக் கீழே மட்டும் காலி.

அட்டைக்கு ஒரு நோவும் இல்லை. அதன் பாஷை தெரிந்த ஆள்தான் உள்ளே இல்லை.

"டிரைவரைக் காணோம் பெரியம்மா."

"பீர்மேட்டு ஜங்ஷன்ல பாரு. எல்லா டிரைவரும் அங்கதான் டீக்கடையில கெடப்பானுங்க."

அந்தப் பள்ளத்தில் ஃபோனுக்கு ரேஞ்ச் கிடையாது. மாதா கோயிலுக்குப் பின்னால் இருபது நிமிஷம் ஏறினால் ஒரு பாறை வரும், அங்கே கிடைக்கும். அதனால் அதற்குப் பெயரே ரேஞ்சுப் பாறை. காப்பகத்தில் எந்நேரமும் இரண்டு பேர் இருந்தாக வேண்டும் என்பது சட்டம். ஆகவே பகலில் பாறைக்கு ஏறவோ, பம்பு ஹவுஸுக்கே போய் எண்ணைப் பார்க்கவோ வழியில்லை. ஐந்து மணிக்குத் தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, நோட்டையும் பென் டிரைவையும் ஒரு பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு இன்பமேரி ஏறினாள்.

சாயங்காலத்தில் பாறையின் மேல் மஞ்சு வந்து உட்கார்ந்திருக்கும். அதற்குள் ஆட்களும் உட்கார்ந்திருப்பார்கள். யார் முகமும் தெரியாது. ஒரு குரல் திருப்பூரோடு பேசும், ஒரு குரல் குவைத்தோடு. 'சாப்பிட்டியா' என்ற கேள்வி மட்டும் எல்லாத் திசையிலிருந்தும் மிதந்து வரும். கையிலிருக்கும் வெளிச்சங்கள் நீரின் அடியில் கிடக்கிற கூழாங்கல் போல் மங்கித் தெரியும். இன்பமேரி ஓர் ஓரமாக உட்கார்ந்து, ஃபோனில் அட்டையின் அந்த எட்டு எழுத்தைத் தட்டித் தேடினாள்.

டிரைவரின் பெயர் கிடைத்தது. முப்பது வருஷத்துக்கு முன் யாரோ எழுதியது. பழைய சிஸ்டத்தில் கூடவே வந்தது. புதியதில், இனி யாருக்கு வேண்டும் என்று சேர்க்காமல் விட்டுவிட்டார்கள். ஆனால் எழுதிய மூல நிரல் அப்படியே இருந்தது, வேண்டுகிறவர் எடுத்துத் தாமே ஓடும் வடிவில் கட்டிக்கொள்ளலாம். அதை இறக்கினாள். கட்டுவதற்கு வேண்டிய துணைக் கோப்புகளையும் இறக்கினாள். மறுநாள் காப்பகத்தில் போட்டுப் பார்த்தால், துணைக் கோப்புகளின் பதிப்பு எண், சிஸ்டத்தின் எண்ணிலிருந்து கடைசி இலக்கம் ஒன்று தள்ளியிருந்தது. ஓர் இலக்கம் தள்ளினாலும் ஒட்டாது. அன்று மாலை மறுபடி பாறை. இம்முறை நோட்டில் இலக்கம் இலக்கமாக எழுதிக்கொண்டு போனாள்.

அந்த இரண்டாம் மாலையில்தான், டிரைவரின் பெயரைத் தேடிக்கொண்டே போனபோது, அவள் அந்தக் கடிதத்தைக் கண்டாள். இந்த மாதிரி டிரைவர்களைப் பராமரிக்கிறவர்கள் தங்களுக்குள் எழுதிக்கொள்ளும் பொதுக் கடிதங்களில் ஒன்று. எந்த நாட்டுக்காரரோ தெரியவில்லை. தேதி இரண்டு வாரம் பழையது. அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: இந்தப் பழைய அட்டைகளை இன்னும் யாராவது ஓட்டுகிறீர்களா? நான் கேள்விப்பட்டுப் பத்து வருஷமாகிறது. யாரும் பதில் சொல்லாவிட்டால் இந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மூலத்திலிருந்தே எடுத்துவிடுகிறேன்.

கீழே ஒரு பதிலும் இல்லை.

அவள் அதை நாலு தடவை படித்தாள். ஆளில்லாத வீட்டு வாசலில் நின்று ஒருவர் 'உள்ளே யாராச்சும் இருக்கீங்களா' என்று கூப்பிட்டுவிட்டு, காத்து நிற்பது போலிருந்தது. கடைசி வெள்ளிக்கு எட்டு நாள் இருந்தது. இன்றைக்கு எப்படியாவது ஓட்டிவிட்டாலும், மூலம் போய்விட்டால் அடுத்த தடவை டிஸ்க் போகும்போது எங்கே போய்த் தேடுவது?

அவளுக்கு இங்கிலீஷ் படிக்க வரும், எழுத வராது. நோட்டில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் மூன்று வரி அனுப்பினாள். 'ஐயா, நான் தேயிலை எஸ்டேட்டில் இருக்கிறேன். எங்களிடம் இந்த அட்டை இரண்டு இருக்கிறது, வேலை செய்கிறது. தயவுசெய்து எடுக்க வேண்டாம்.'

'வேலை செய்கிறது' என்றது பாதிதான் உண்மை. இறங்கி வரும்போது அது முள்ளாய்க் குத்திக்கொண்டே வந்தது.

மறுநாள் பதில் இருந்தது. அந்த ஆள் சந்தோஷப்பட்டிருந்தார் போலும். புதிய பதிப்பில் ஓடுகிறதா, ஓடினால் கம்ப்யூட்டர் சொல்லுவதை அப்படியே வெட்டி அனுப்புங்கள், என்னிடம் அந்த அட்டை இல்லை, உங்கள் சொல்தான் எனக்குச் சாட்சி என்று எழுதியிருந்தார். கடைசியில் ஒரு கேள்வி: இதை என்ன வேலைக்கு வைத்திருக்கிறீர்கள்?

செவ்வாய்க்கிழமை டிரைவரைக் கட்டி முடித்தாள். ஏற்றினாள். காலியாக இருந்த வரிக்குக் கீழே பெயர் வந்து நின்றது. ஆனால் எண் வரவில்லை. 'கேபிள் சொருகவில்லை' என்றது கம்ப்யூட்டர். கேபிள் அவள் கண்ணெதிரே சொருகித்தான் இருந்தது. இழுத்துப் பார்த்தாள், திருகிப் பார்த்தாள், கடைசி முனையின் சின்ன மூடியைக் கழற்றித் துடைத்து மாட்டினாள். ஓதமாக இருக்குமோ என்று மனசு வாட்டு மாடிப் பக்கம் ஓடியது. அதைப் பிடித்து இழுத்துக் கொண்டுவந்தாள்.

புதன்கிழமையும் போயிற்று.

வியாழக்கிழமை மதியம். பதினாலு சேலைத் தொட்டிலிலும் பிள்ளைகள் தூங்கின. ஜன்னல் வழியாக மஞ்சு உள்ளே வந்து, தொட்டில்களுக்கு நடுவே யாரையும் எழுப்பாமல் நடந்தது. மூக்கம்மாள் சுவரில் சாய்ந்து ஒரு தொட்டில் கயிற்றைக் காலால் ஆட்டிக்கொண்டே கண்ணயர்ந்திருந்தாள். இன்பமேரி டிரைவரின் மூலத்தைத் திறந்து, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தாள். பாதிக்கு மேல் அவளுக்குப் புரியாது. ஆனால் எழுதியவர் நடுநடுவே மனுஷர்களுக்கென்று சில வரி விட்டுவைத்திருந்தார். முப்பது வருஷத்துக்கு முன் எங்கோ ஓர் அறையில் உட்கார்ந்து, பின்னால் வருகிறவர் தடுக்கி விழக் கூடாதே என்று எழுதிய வரிகள். அவள் விரல் வைத்து மெதுவாகப் படித்துக்கொண்டு வந்தாள்.

நானூறாவது வரிக்கு மேல் ஒரு சின்னப் பட்டியல். அட்டைக்கு இரண்டு வாய் இருக்கலாம். டிரைவர் தானாக முதலில் சதுர வாயைத்தான் பார்க்கும். அதில் கேபிள் இல்லையென்றால் இல்லை என்று சொல்லிவிடும். வட்ட வாயைப் பார்க்கச் சொல்ல வேண்டுமானால், ஏற்றும்போது மூன்று என்று சேர்த்துச் சொல்லவும்.

இன்பமேரி அட்டையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தாள். வட்ட வாயில் கேபிள். பக்கத்தில் ஒரு சதுரப் பொந்து. ஆறு வருஷமாக அதில் ஒரு சிலந்திதான் குடியிருந்தது. டிரைவர் இத்தனை நேரமும் அந்தச் சிலந்தியின் வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது.

மூன்று என்று சேர்த்துத் தட்டினாள். மேலே இருக்கும் கம்ப்யூட்டரை 'இருக்கிறாயா' என்று கேட்கும் கட்டளையைத் தட்டினாள். ஒரு மூச்சு விடும் நேரம். 'இருக்கிறேன்.' மறுபடி 'இருக்கிறேன்.' கூரை விளிம்பிலிருந்து சொட்டுகிற மாதிரி ஒவ்வொரு விநாடிக்கும் ஒரு வரி கீழே விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். மூடிய கண்ணுக்குள்ளும் விழுந்தது.

எண்ணைத் திறந்தாள். முப்பத்து நாலு.

அவள் வாசலைப் பார்த்தாள். முற்றம் வெளுத்துக் கிடந்தது. ஒரு தூறல் இல்லை. முப்பத்தாறு. முப்பத்தொன்பது.

"பெரியம்மா, கம்பிய எடுங்க."

மூக்கம்மாள் விழித்து, வெளியே பார்த்தாள். "என்னட்டி உளர்ற? கோழி கூட நனையாம மேயுது. இப்ப அடிச்சு ஒண்ணும் வரலன்னு வையி, நாளைக்கு நெசமா அடிச்சாலும் ஒருத்தி திரும்பிப் பாக்க மாட்டா."

அது சரிதான். இன்பமேரி ஒரு கணம் நின்றாள். இந்த எண் இப்போது பெய்வதுதானா, இல்லை, இத்தனை நாள் மேலே தேங்கிக் கிடந்த ஏதாவது பழைய கணக்கா? எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தைச் சுவர்க் கடிகாரத்தோடு ஒப்பிட்டாள். ஒரு மணி பன்னிரண்டு நிமிஷம். சரியாக இருந்தது. எண் நாற்பத்திரண்டு.

"அடிங்க பெரியம்மா."

மூக்கம்மாள் அடித்தாள். இரண்டு வாரமாய்ச் சும்மா தொங்கிய இரும்பு முதலில் கரகரத்து, பிறகு முழுக் குரல் எடுத்தது. பிள்ளைகள் எழுந்து அழுதன. மேட்டின் மேல் மஞ்சுக்குள் ஒரு தலை தெரிந்தது, பிறகு நாலு, பிறகு வரிசை. கூடையோடு பலகையில் ஓடி வந்தார்கள். பலகைக்கு அடியில் கணுக்கால் அளவுத் தண்ணீர் பளிங்கு மாதிரி ஓடியது.

"எங்க மழை?" என்றாள் ஒருத்தி, தலையில் கட்டிய சாக்கை அவிழ்த்தபடி. "மேரி, மெனக்கெட்டுக் கூப்பிட்டியே, விருந்து கிருந்து இருக்கா?"

"சீக்கிரம் சொல்லுங்க மேரிக்கா, பாதிக் கூடையோட வந்துருக்கேன்" என்றாள் இன்னொருத்தி.

யோகப்பிரியா நேராக உள்ளே போனாள். ஜீவிதாவைத் தூக்கிக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்து முந்தானையால் மூடிக்கொண்டாள். பத்து நிமிஷம் ஆயிற்று. இருபது ஆயிற்று. கேலி நின்று முணுமுணுப்பு வந்தது. இரண்டு பேர் கூடையை எடுத்து மாட்டத் தொடங்கினார்கள். இன்பமேரி ஓடைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதலில் வாசனை வந்தது, கிளறிய மண்ணின் வாசனை. பிறகு தூரத்தில் ஏதோ பெரிய பாயை இழுத்துக்கொண்டு வருவது போல் ஒரு சத்தம். வளைவில் செந்தண்ணீர் திரும்பியது. பலகை ஒரு தடவை நடுங்கி, பிறகு கண்ணில் படவில்லை. கூடையை மாட்டியவர்கள் மெதுவாக இறக்கி வைத்தார்கள். அந்த இரைச்சலில், பக்கத்தில் ஜீவிதா பால் குடிக்கிற சின்னச் சத்தம் மட்டும் இன்பமேரிக்குத் தனியாகக் கேட்டது. யோகப்பிரியா தலையைத் தூக்கி ஓடையைப் பார்க்கக்கூட இல்லை.

அன்று மாலை பாறையில் உட்கார்ந்து, கம்ப்யூட்டர் சொன்னதையெல்லாம் ஒரு வரி விடாமல் அனுப்பினாள். வட்ட வாய்க்கு மூன்று போட வேண்டியிருந்ததையும் எழுதினாள். முன்பு வேலை செய்கிறது என்று சொன்னபோது செய்யவில்லை, இப்போதுதான் செய்கிறது, மன்னிக்கவும் என்றும் எழுதினாள். என்ன வேலைக்கு என்ற கேள்விதான் கஷ்டமாக இருந்தது. மஞ்சு வந்து நோட்டை நனைத்தது. கடைசியில், 'மேலே மழை பெய்தால் கீழே தாய்மாரைக் கூப்பிட' என்று எழுதினாள்.

சனிக்கிழமை பதில் வந்தது. டிரைவரை எடுக்கவில்லை. வட்ட வாய்க் குறிப்பை எல்லோருக்கும் தெரிகிற இடத்துக்கு மாற்றியிருக்கிறார். அந்த மாற்றத்தின் அடியில் வழக்கப்படி ஒரு வரி சேர்த்திருக்கிறார்: சோதித்துப் பார்த்தவர், இன்பமேரி.

திங்கட்கிழமை அதை மூக்கம்மாளிடம் ஃபோனில் காட்டினாள். மூக்கம்மாள் கண்ணை இடுக்கி, தள்ளிப் பிடித்து, கிட்டப் பிடித்துப் பார்த்தாள்.

"ஒம் பேருதானா?"

"ஆமா பெரியம்மா."

"மூக்கம்மான்னு போடலியா? இரும்ப அடிச்சது நானுல்லா?"

"நீங்களும்தான் பெரியம்மா."

"பின்ன எழுதிப் போடச் சொல்லு. ஒத்தக் கையால அடிச்சான்னும் சேத்துக்கச் சொல்லு, மத்தக் கை தொட்டில ஆட்டிக்கிட்டுல்லா இருந்துச்சு."

திரையின் மூலையில் எண் ஆறிலிருந்து ஏழுக்குப் போயிற்று. இன்பமேரி நோட்டை எடுத்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள்.